கரும்பித்தம்

சரயேவோ, 2 செப்டம்பர் 1974

நசிஹா அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோது என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயில் ஏறினாய். அதற்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவது எனக்காக இல்லை. என் மகள் சபீராவுக்காக.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நம் அம்மாவின் நெற்றி, அப்பாவின் பிடிவாதம். எனேஸ் என்று ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் எங்கள் வாசல் கதவுக்கு வருகிறான். அவள் அப்பா ஜாயிமின் இசைக்குழுவில் சாஸ் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறவன். நீ நின்ற அதே கதவுதான், பலகை மட்டும் மாற்றியிருக்கிறோம். உள்ளே அவள், வெளியே அவன். அவன் கம்பியை மீட்டி மெதுவாகப் பாடுகிறான், அவள் கதவில் நெற்றியைச் சாய்த்துக் கேட்கிறாள். அவள் சரியாகச் சாப்பிட்டு ஒரு மாதமாகிறது. ஜாயிமுக்கு ஒரே சந்தோஷம். "பையன்கிட்ட செவ்தா இருக்கு. அது எல்லாருக்கும் அமையாது" என்கிறார்.

உன் மைத்துனர் இப்போது பெரிய பாடகர் என்பது உனக்கு அங்கேயே தெரிந்திருக்கும். நேற்று வானொலியில் அவரைப் பேட்டி கண்டார்கள். கூடவே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர். செவ்தா என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேள்வி. பேராசிரியர் நிதானமாகச் சொன்னார்: துருக்கியர்கள் நம் ஊருக்குக் கொண்டுவந்த சொல், அவர்கள் பேச்சில் அது காதல், தாபம். அவர்களுக்கு அது அரபியிலிருந்து வந்தது, அங்கே கருப்பு என்று பொருள். பழைய வைத்தியர்கள் உடம்பில் ஊறும் கரும்பித்தத்தை அந்தப் பெயரால் சொன்னார்கள். அது மிஞ்சினால் மனிதன் சாப்பிடமாட்டான், தூங்கமாட்டான், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். காதலிக்கிறவனும் அப்படியே இருந்ததால் நோயின் பெயர் காதலுக்கு வந்துவிட்டது.

அடுத்து ஜாயிம் பேசினார். "புரொபசர் சொன்னது புத்தகத்துல இருக்குது. எனக்கு செவ்தான்னா என்னன்னு ஒரு கிண்ணம் காபி சொல்லிக் குடுத்துச்சு." பேட்டி எடுத்த பெண் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் குடைமிளகாய்க்குள் கறி அடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் மருந்துக்கடையில் இருந்த பச்சைக் கண்ணாடி ஜாடி நினைவிருக்கிறதா? 'செவ்தாவுக்கு' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அம்மாக்கள் மகன்களை இழுத்துக்கொண்டு வருவார்கள். அப்பா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பொட்டலம் மடிப்பார். "காலைல வெறும் வயித்துல. பாட்டுக் கேக்கறத நிறுத்தணும்." பேராசிரியர் இத்தனை நேரம் சொன்னதை அப்பா ஒரு பொட்டலத்தில் சொல்லிவிடுவார்.

பைராம் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு எனேஸ் பெரியவர்களோடு காபி குடிக்க வருகிறான். நம் தெருவில் அந்த வழக்கம் மாறவில்லை. காபி இனித்தால் பெண்ணுக்குச் சம்மதம். கசந்தால் குடித்துவிட்டு எழுந்து போகவேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. அவள் இனிப்பாகத்தான் போடுவாள். போட்டுவிட்டால் நான் வாழ்ந்த வாழ்க்கை இன்னொரு தடவை நடக்கும். அதற்குள் அவளை உன்னிடம் கூப்பிட்டுக்கொள். நீ வேலை செய்யும் மருத்துவமனையில் ஏதாவது இடம் பார். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

தெவ்லெத்தா


ஸ்டுட்கார்ட், 12 செப்டம்பர் 1974

தெவ்லெத்தா,

கடிதம் கிடைத்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

இங்கே வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுப்பதைப் போன வருஷமே நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரி என்று வந்து மூன்று மாதம் தங்கலாம். மேலே இருக்கவேண்டுமானால் படிப்பு, பயிற்சி என்று ஏதாவது காட்டவேண்டும். இது சட்டம். நான் முடியாது என்று சொல்வதற்குக் காரணம் சட்டம் இல்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் நம் ஊர்க்காரர்களின் மன்றம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அவரைப்பருப்பு சூப் நன்றாக இருக்கும் என்று போவேன். ஏப்ரலில் யாரோ ஜாயிமின் இசைத்தட்டை வைத்தார்கள். கூரை வேலைக்காரர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், எல்லோரும் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார்கள். ட்ராவ்னிக் பக்கத்து ஆள் ஒருவன் எனக்கு விளக்கம் சொன்னான்.

"அக்கா, இந்தாளு ரெண்டு வருஷம் ஒரு பொண்ணு வீட்டுக் கதவுல நின்னாரு. அவ கசப்புக் காபியக் குடுத்து அனுப்பிச்சிட்டா. இன்னிக்கு வரைக்கும் அவளத்தான் பாடறாரு."

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"கல்லு மாதிரி பொம்பள. எங்கயாச்சும் நல்லாத் தின்னுக்கிட்டு உக்காந்திருப்பா."

நான் சூப் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். ஜாயிம் என்னைப் பெண் கேட்டு வந்த அன்று அடுப்பில் காபியை ஏற்றி, பக்கத்தில் சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டு, நான் முக்காடு மாற்ற உள்ளே போனேன். திரும்பி வந்தபோது காபி கிண்ணத்தில் இருந்தது. அடுப்பருகே நின்றவள் நீ. அடுத்த இலையுதிர்காலத்தில் கதவருகே அவனோடு பேசிக்கொண்டு நின்றவளும் நீ. இன்று அதே அச்சில் வார்த்த ஒருவனிடமிருந்து உன் மகளைக் காப்பாற்ற நான் வேண்டுமா?

நான் இங்கே ஆறு வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்தினேன். அவனுக்குப் பாட வராது, குறட்டை விடுவான். பிரிந்துவிட்டோம், சண்டையில்லாமல். என் வாழ்க்கையை யாரும் இசைத்தட்டில் போடவில்லை. அது அப்படியே இருக்கட்டும். உன் மகள் உன் பாடு.

நசிஹா


சரயேவோ, 21 செப்டம்பர் 1974

அக்கா,

ஆமாம், நான்தான். டப்பாவின் மூடிவரை கை போயிற்று, திறக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கும் என்று இத்தனை வருஷம் பயந்தேன். எழுதும்போது அப்படி ஒன்றும் இல்லை.

நீ மாடியிலிருந்து இறங்கி வர நேரமாகும்போதெல்லாம் கதவுக்கு ஓடிப்போய் "அக்கா வர்றா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லும் வேலை எனக்கு. ஒரு நாள் கதவு இடுக்கு வழியாக எனக்கு ஒரு பேரிக்காய் கொடுத்தார். ஒரே ஒரு பேரிக்காய். அப்போது எனக்குப் பதினேழு வயது. அதன் காம்பைக்கூட நான் தூக்கிப் போடவில்லை.

நான் எடுத்ததற்குக் கிடைத்தது என்ன என்று கேட்டுக்கொள். அன்றிலிருந்து அவர் காபியில் சர்க்கரை சேர்ப்பதில்லை. அது ஒரு விரதம். தினமும் காலையில் அந்தக் கசப்புக் காபியைப் போடுகிறவள் நான். வருகிறவர்கள் என்னிடமே சொல்கிறார்கள், "பாத்தியா தெவ்லெத்தா, மனுஷன் இன்னும் சர்க்கரையத் தொடல. அதான் செவ்தா!" "ஆமா, எனக்கும் கலக்கற வேலை மிச்சம்" என்பேன். சிரிப்பார்கள். அவர் பாட்டெல்லாம் நான் போடாத சர்க்கரைதான். அதில் எனக்கு ஒரு வரி கிடையாது.

என்னை அடித்ததில்லை, ஏசியதில்லை. வீட்டில் இருக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், தபால்காரரைப் பார்ப்பதுபோல. சபீரா பிறந்த அன்று மோஸ்தாரில் பாடிக்கொண்டிருந்தார். வந்து குழந்தையைத் தூக்கியதும் "நசிஹான்னு வைக்கலாமா?" என்று கேட்டார். அன்று மட்டும்தான் நான் ஜெயித்தேன்.

நீ அவரை 'அவன்' என்று எழுதுகிறாய். கவனித்தேன். இருபது வருஷமாகியும் உனக்கு அவன்தான்.

சபீரா போன வாரம் எனேஸின் சட்டைப் பொத்தான் ஒன்றைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். பேரிக்காய்க் காம்பு வைத்திருந்தவளுக்கு இது தெரியாதா? அவளை நீ கூப்பிட்டுக்கொள்ளாவிட்டால் நான் ஜாயிமிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீ மறுக்கவே இல்லை என்று தெரிந்தால் மறுநாளே ரயில் ஏறி ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து உன் ஜன்னலுக்கடியில் நிற்பார். அப்போது அது உன் பாடு.

தெவ்லெத்தா


ஸ்டுட்கார்ட், 3 அக்டோபர் 1974

தெவ்லெத்தா,

சொல்லிப் பார். வரமாட்டான்.

இரண்டு வருஷம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவன் என்ன பேசினான் என்று உனக்குத் தெரியாது. தன் நெஞ்சைப் பற்றிப் பேசினான். தன் தூக்கத்தைப் பற்றிப் பேசினான். ஒரு நாள் எனக்குக் கடும் காய்ச்சல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் நின்றேன். கன்னம் சிவந்திருப்பது அழகாக இருக்கிறது என்றான். அவன் அம்மா அவனை அப்பாவின் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அன்று மாலை அப்பா என்னைக் கூப்பிட்டார். "நசிஹா, அந்தப் பையனுக்கு செவ்தா இருக்குது. ஆனா அது உம்மேல இல்லம்மா. நீ இல்லாட்டி ஒரு சுவர் போதும் அவனுக்கு." எனக்குக் கோபம் வந்தது. நம்பவில்லை.

காபி கொடுத்த அன்று நான் முக்காடு மாற்றிக்கொண்டு வந்தபோது டப்பாவின் மூடி மூடியபடி இருந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு துளி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய், உன் காது மடல் சிவந்திருந்தது. ஒரு கட்டி சர்க்கரையைப் போட எவ்வளவு நேரமாகும்? நான் போடவில்லை. அப்படியே தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்கக் கூடாது என்பது வழக்கம், மரியாதை, எல்லாம் தெரியும். அதை மீறி "நெஜமாவா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே அவன் பின்னால் போயிருப்பேன். குடித்தான். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தான். கதவைத் தாண்டியதும் பாட ஆரம்பித்துவிட்டான். அவன் முகத்தை நான் பார்த்தேன், தெவ்லெத்தா. பரிசு வாங்கியவன் முகம் அது.

அடுத்த வருஷம் நீ அவனுக்குச் சம்மதம் சொன்னபோது இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்கலாம். கோபத்தில் இருந்தேன். ஆசைப்பட்டாள், அவளே குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு ஸாக்ரெபுக்கு ரயில் ஏறினேன். ஆக நீ என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. நான் வேண்டாம் என்று வைத்ததை எடுத்துக்கொண்டாய். ஆறுதலுக்காக இதை எழுதவில்லை.

சபீராவை இழுத்துக்கொண்டு வந்து விடாதே. பிடித்துத் தள்ளி அனுப்பிய பெண் முதல் சம்பளத்தில் திரும்பிப் போவாள். வரவேண்டும் என்று அவளே எழுதினால் என் அறையில் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது. மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி வசந்தத்தில் தொடங்கும். அதற்குமுன் ஜெர்மன் மொழித் தேர்வு.

அவனிடம் சொன்னால் என்ன கேட்டான் என்று மட்டும் எழுது. இப்போதாவது ஏதாவது கேட்கிறானா என்று தெரிந்துகொள்ள ஆசை.

நசிஹா


சரயேவோ, 22 அக்டோபர் 1974

அக்கா,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். பிறகு நீ சொன்னபடியே செய்தேன்.

சனிக்கிழமை பிற்பகல். அவர் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். சபீரா குழாயடியில் மறுநாளைக்கான கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜாயிம், அன்னிக்குச் சர்க்கரை போடாதது அக்கா இல்ல. நான்."

"என்னிக்கு?"

"என்னிக்காம்! அப்படி உங்களுக்கு எத்தனை நாள் இருக்குது?"

டை பாதியில் நின்றது. சபீராவின் கையில் கிண்ணத்தின் சத்தமும் நின்றது.

"நசிஹாவுக்குத் தெரியுமா?"

"தாம்பாளத்தைத் தூக்கும்போதே தெரியும். நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நின்னிருக்கா. நீங்கதான் பாடிக்கிட்டே போயிட்டீங்களே."

கட்டிலில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அறைவார் என்றும் நினைத்தேன். அலமாரிமேல் இருந்த பயணப் பெட்டியை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். தலையை நிமிர்த்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப உங்களுக்கு."

"வெளிய விட்டுறாத. நவம்பர்ல புது இசைத்தட்டு வருது. அட்டையில அந்தக் காபிக் கதையத்தான் அச்சடிச்சிருக்காங்க."

நீ தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாயே, அவர் கேட்டது இவ்வளவுதான். நீ எந்த ஊரில் இருக்கிறாய், உயிரோடு இருக்கிறாயா என்றுகூட இல்லை.

பிறகு ஒரு காபி கேட்டார். இரண்டு கட்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், என்னைப் பார்த்தார், மிச்சத்தையும் குடித்தார். அடியில் கரையாமல் கிடந்ததை விரலால் வழித்து நக்கினார். மறுநாள் விருந்தாளிகள் முன்னால் கையைத் தூக்கி, "எனக்கு வழக்கம்போல, சர்க்கரையில்லாம" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனேஸ் தன் பெரியப்பாவோடும் குழுவில் இரண்டு பேரோடும் வந்தான். பக்லாவா இனிப்பு வைத்தேன். எல்லோரும் பனி எப்போது விழும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குப் போனால் சபீரா வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, நீ கூடத்துலயே இரு. இந்த வீட்ல காபி போடறப்ப ரெண்டு பேர் நிக்கக் கூடாது."

கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு தாம்பாளத்தோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனேஸ் ஒரு வாய் குடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் பெரியப்பா தரையைப் பார்த்தார். பையன் கடைசிச் சொட்டுவரை குடித்தான், கிண்ணத்தைக் கவிழ்த்தான், நெஞ்சில் கையை வைத்து எழுந்தான்.

காபி கொடுத்த பெண் வெளியே வரக் கூடாது. சபீரா அவன் பின்னாலேயே முற்றத்தைக் கடந்து வாசல் கதவுவரை போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இரண்டு அடி தூரத்தில் அவனுக்கு எதிரே நின்றாள். கேளேன்டா, கேட்டுத் தொலையேன்டா என்று என் வாய் முணுமுணுத்தது. இந்தச் சம்பந்தம் நடக்கக் கூடாது என்று உனக்கு எழுதியவள் நான்தான். அவன் அவளைப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது, முகம் மினுமினுத்தது. நீ எழுதிய அதே முகம். இறக்கத்தில் நீரூற்றுத் திருப்பம் தாண்டியதும் பாட்டுச் சத்தம் கேட்டது.

கூடத்தில் ஜாயிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெரியப்பாவின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "விடுங்க. பையனுக்கு இப்பத்தான் குரல் தொறந்திருக்குது."

சபீரா உள்ளே வந்து கையை விரித்தாள். இரண்டு கட்டி சர்க்கரை, வியர்வையில் கரைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கேட்டால் கொடுக்க வைத்திருந்திருக்கிறாள். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே, "பெரியம்மா ஊருக்கு பஸ் என்னிக்கு?" என்றாள். நான் அவளை எங்கும் தள்ளவில்லை. அவள் உனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன், படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

நீ வேண்டாம் என்று வைத்ததை நான் எடுத்தேன் என்கிறாய். இருக்கட்டும். இருபது வருஷம் அதற்குச் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி வைத்தவள் நான். விஷயம் தெரிந்த நீ வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறினாய். அதை நான் மன்னிக்கவில்லை. என்னையும் நீ மன்னிக்க வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக்கொள். அவள் குளிர் தாங்கமாட்டாள்.

தெவ்லெத்தா


ஸ்டுட்கார்ட், 1 டிசம்பர் 1974

தெவ்லெத்தா,

பிள்ளை நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், அதனால் உள்ளதை எழுதுகிறேன். முதல் மூன்று வாரம் ரொட்டி ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பகலில் மொழி வகுப்பு, மற்ற நேரமெல்லாம் சுவர். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் அப்பா மாதிரி நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். சிவப்பாகத்தான் இருந்தது.

"பெரியம்மா, எனக்கும் செவ்தாவா?" என்று கேட்டாள்.

"இல்லடி. உனக்கு ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு. கையில சர்க்கரை வச்சுக்கிட்டு நின்ன. அதுக்கெல்லாம் செவ்தான்னு பேர் கிடையாது."

"பின்ன என்ன பேரு?"

அப்பாவின் கடையில் அதற்கு ஜாடி இல்லை.

நேற்று மன்றத்துக்குக் கூட்டிப்போனேன். அதே ட்ராவ்னிக் ஆள் வந்து உட்கார்ந்தான். சரயேவோவிலிருந்து புதிதாகச் செய்தி கொண்டுவந்திருந்தான். எனேஸ் என்று ஒரு சின்னப் பையன் உணவுவிடுதிகளில் பாடுகிறானாம், ஊரே அழுகிறதாம், ஜாயிமே அவனைக் கைபிடித்து மேடையேற்றினாராம். ஏதோ ஒரு பெண் கசப்புக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாளாம். "கல்லு மாதிரி பொண்ணு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், பிறகு சபீராவைப் பார்த்தான்.

சபீரா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். "இன்னொண்ணு கெடைக்குமா பெரியம்மா?" என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். நீ பயந்தது நடக்காது. அவள் இங்கேயே இருப்பாள்.

நீ மன்னிக்க வேண்டாம் என்றதை ஏற்றுக்கொள்கிறேன். அதில் நமக்குள் சண்டையில்லை.

ஜூலையில் எனக்கு விடுமுறை. அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை உன் வீட்டில் காபி குடிப்பேன். நானே போட்டுக்கொள்கிறேன். அடுப்பை மூட்டி, சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு நீ வெளியே நில்.

நசிஹா